நகரியில் என் குரல்

திருத்தணியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து தெலுங்குக்கு மாறிவிடுகிறது. பஸ்ஸுக்குள் பேச்சு மட்டும் மாற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் சண்டை போட்டு, மறுபடியும் தமிழில் சமாதானமானார்கள். நான் திருநெல்வேலிக்காரி. சமாதானப் பகுதியே எனக்குப் பாதிதான் பிடிபட்டது. வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியாத பயணம் இது. ஆனாலும் வேறு நாட்டுக்குள் நுழைந்த மாதிரிதான் இருந்தது.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவள். இப்போது சென்னையில் ஓர் அறக்கட்டளைக்காகக் காணொளிப் பாடங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். மழை எப்படிப் பெய்கிறது, பின்னம் என்றால் என்ன, இதயம் ஏன் துடிக்கிறது என்று திரையில் படங்கள் அசையும். பின்னாலிருந்து நான் பேசுவேன். என் முகம் எங்கேயும் வராது. தலைச்சாயம் அடிக்க மறந்த நாளிலும் வேலைக்குப் போகலாம் என்பதால் எனக்கு அது வசதியாகவே இருந்தது.

சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகள் சிலவற்றுக்கு அறக்கட்டளை பெரிய தொடுதிரைகளைக் கொடுத்திருந்தது. எல்லா ஊரிலும் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியிருக்க, நகரியில் ஒரு பள்ளியில் மட்டும் இறங்கிவிட்டது. ஏன் என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

முதல் நாள் புத்தூர் பக்கத்தில் ஒரு விவசாய ஊர்ப் பள்ளிக்குப் போனேன். வகுப்புக்குள் நுழைந்து "வணக்கம் குழந்தைகளே" என்றேன். அவ்வளவுதான், "டிவி டீச்சர்! டிவி டீச்சர்!" என்று கூரை பிய்ந்துகொண்டது. ஒருத்தி என் தொண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே பெட்டி ஏதும் இருக்கிறதா என்பதைப் போல. மதியம் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் போட்டார்கள். எங்கள் ஊரில் களி என்றால் உளுந்தும் கருப்பட்டியும். நானும் அதே நினைப்பில் மென்றேன். "மெல்லக் கூடாது மேடம், அப்படியே முழுங்கணும்" என்று சமையல்காரம்மா சிரித்தார். மென்றதையும் மீறி இரண்டு உருண்டை உள்ளே போனது. அன்று எனக்கு என் குரலின் மேல் இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது.

மறுநாள் நகரி. பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே விசைத்தறிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஒரு வீட்டில் ஓய்ந்தால் அடுத்த வீட்டில் தொடங்குகிறது. தெரு முழுக்க யாரோ தகரத்தை உலுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். இன்னொரு முறை சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டு, நேராக ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார். வெயிலில் நடந்து திரும்பினேன். வாயில் ஒரு வசவு வந்தது. அந்தச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஹேமாவதி. புத்தூரில் விவசாயக் குடும்பம், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். பார்த்தவுடன் "வாங்கக்கா" என்றார். மேடம் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருந்த எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. கரும்பலகை இருந்த இடத்தில் தொடுதிரையை மாட்டியிருந்தார்கள். பேனல் என்பதுதான் அதற்கு அங்கே பேர். வெளிச்சம் பட்டால் படம் தெரியாது என்று ஜன்னல்களை அட்டையாலும் பழைய புடவையாலும் அடைத்திருந்தார்கள். வெளியே தறிச் சத்தம் கேட்காமலிருக்கக் கதவும் சாத்தியாகிவிட்டது. இருட்டில் மழைப் பாடம் ஓடியது. டீச்சர் ரிமோட்டோடு ஓரமாக ஒதுங்கி நின்றார். புளிச்சோறும் வியர்வையும் கலந்த வாடை. திரையிலிருந்து என் குரல், நானே மெச்சும்படி, தெளிவாக வந்துகொண்டிருந்தது.

பாடம் முடிந்து தேர்வு. எழுதப் படிக்கத் திணறும் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்று எங்கள் குழு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. கேள்வி எழுத்தில் வராது, நான் வாயால் கேட்பேன். பிள்ளை வந்து சரியான படத்தைத் தொட வேண்டும். அந்த யோசனைக்காக எங்களை நாங்களே தட்டிக்கொடுத்துக்கொண்டதும் உண்டு. இங்கே ஒவ்வொரு பிள்ளையாக வந்து, கேள்வி முடியும் முன்பே ஏதோ ஒரு படத்தைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தது. ரேவதி என்ற பெண் மட்டும் திரைக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள். பெரிய கண்கள். படங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தாள். பிறகு திரும்பி இருட்டில் டீச்சரைத் தேடினாள். கடைசியில் சூரியனைத் தொட்டாள். தவறு என்று திரை சிவப்பாகியது.

"போன வருஷம் வரைக்கும் இவதான் க்ளாஸ்லயே பர்ஸ்ட்டுக்கா. நான் போர்டுல எழுதி எழுதிச் சொல்லுவேன், டக்குனு புடிச்சுக்குவா. இப்ப பாருங்க, முட்டை வாங்கிக்கினு இருக்குறா" என்றார் ஹேமாவதி. "இவ நைனா, பரீட்சை முடிஞ்சதும் நிறுத்திடறேன்னு சொல்லிக்கினு இருக்குறாரு. மண்டுக்கு எதுக்கு ஆறாங்கிளாஸுன்னு கேக்குறாரு. நானும் எவ்ளோதான் சொல்றது?"

அந்தப் பெண் மண்டு இல்லை என்பதற்கு அந்த நிமிஷத்தில் என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. ஆனால் அவள் நின்ற விதம் என்னைத் தொந்தரவு செய்தது. தெரியாதவர்கள் அப்படி நிற்க மாட்டார்கள், எதையாவது தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் கேள்விக்காகக் காத்திருந்தாள். நானோ கேட்டு முடித்திருந்தேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனோம். பள்ளிக்குப் பின்தெரு. முன் அறை முழுக்கத் தறிகள். அவற்றுக்கு நடுவே ஒருக்களித்துப் போனால்தான் சமையலறை. தரையெல்லாம் பஞ்சுத் தூசு. அப்பா முனிரத்தினம் தறியில் நின்றபடியே கையை உயர்த்தி வரவேற்றார். அம்மா கோமளா எங்களை உட்கார வைத்து, தட்டில் இட்லியும் கறிக்குழம்பும் கொண்டுவந்து, என் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்து மூடினார். துன்னுங்க என்கிறார் என்று தட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். குழம்பின் காரம் காது வழியாக வெளியேறியது. எங்கள் ஊர்க் குழம்பெல்லாம் இதன் முன்னால் கைக்குழந்தைக்கு ஊட்டலாம்.

அந்த வீட்டில் யாரும் கத்தவில்லை. அதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்பா தறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்கிறார், அம்மா அடுப்படியிலிருந்து பதில் சொல்கிறார், ரேவதி நூல் சுற்றும் இடத்திலிருந்து குறுக்கே ஏதோ சொல்லி இருவரையும் சிரிக்க வைக்கிறாள். எல்லாம் உதட்டில், கொஞ்சம் விரல் அசைவில். அம்மா ரேவதியைக் கூப்பிட வேண்டுமானால் பெயர் சொல்வதில்லை, ஒரு நூல்கண்டை அவள் காலடியில் எறிகிறார். நகரித் தறி வீடுகளில் எல்லோரும் இப்படித்தான், சத்தத்தோடு போட்டி போட்டுத் தொண்டை கிழிவதற்கு இது மேல் என்று டீச்சர் என் காதில் கத்தினார்.

அப்போது கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருவே மூச்சு விட்டது. என் காதுக்குள் மட்டும் இரைச்சல் மிச்சமிருந்தது. அந்த நிசப்தத்தில் அந்தக் குடும்பம் பேசிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லாமல், உதடுகள் மட்டும் அசைய. தறி நின்றுவிட்டது, இனிக் குரல் கொடுத்துப் பேசலாம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவர்களுக்குக் காது கேட்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

ரேவதிக்குப் பின்னால் போய் நின்று, வானொலிக் குரலில் "ரேவதி" என்றேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, சத்தமே எழுப்பாமல், உதட்டால் மட்டும் காலையில் கேட்ட கேள்வியைக் கேட்டேன். நீராவி மேலே போய் என்னவாகும்?

"மேகம்" என்றாள், ஏற்ற இறக்கமில்லாத பெரிய குரலில். பிறகு நான் கேட்காமலே, "அப்பால மழை" என்றாள்.

டீச்சர் அழுதுவிட்டார். "பேனல் வந்த நாள்லேர்ந்து இருட்டுல நின்னுக்கினு இருக்கேனேக்கா. என் மூஞ்சியே அவளுக்குத் தெரியலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. குரலை ஏற்றி, இறக்கி, குழைத்து, உச்சரிப்புக்காக ஒவ்வொரு வரியையும் மறுபடி மறுபடி பதிவு செய்திருக்கிறேன். அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு வாய். அது திரையில் எங்கேயும் இல்லை.

மறுநாள் காலையில் ஜன்னல் அட்டைகளைப் பிய்த்தோம். திரையை அணைத்துவிட்டு, டீச்சர் வெளிச்சத்தில் நின்று பாடம் நடத்தினார். ரேவதி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவள் மட்டுமல்ல, தறி வீட்டுப் பிள்ளைகள் இன்னும் சிலரும் விழித்துக்கொண்டார்கள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு இந்தப் பயணத்திலேயே நல்ல நேரம். தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று, "பேனல் ஓடினாத்தான் மேடம் எங்களுக்கு நல்ல பேரு. எத்தினி நேரம் ஓடுதுன்னு உங்க மெட்ராஸ் ஆபீஸுக்கே தெரியும்" என்றார். அவர் சொன்னது உண்மை.

சென்னைக்குப் போன் செய்தேன். இங்கே சில பிள்ளைகளுக்குக் காது கேட்கவில்லை, திரை ஓரத்தில் ஒரு முகம் வேண்டும், பேசும் வாய் பெரிதாகத் தெரிய வேண்டும், கேள்விகள் எழுத்திலும் வர வேண்டும் என்றேன். ஒருங்கிணைப்பாளர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. "பாடமெல்லாம் முடிச்சாச்சுங்க. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். இப்போதைக்குக் கேக்கலைன்னா பெரிய ஸ்பீக்கரா அனுப்பச் சொல்றேன்" என்றார். கேட்கவில்லை என்று சொன்னது நான்தான். போனை வைத்துவிட்டேன்.

சரி, காதையாவது பார்ப்போம் என்று அடுத்த நாள் ரேவதியைத் திருப்பதிக்கு அழைத்துப் போனோம். முனிரத்தினம் வரத் தயங்கினார். டீச்சர் முகத்துக்காக வந்தார். ரேணிகுண்டாவுக்கு முன்னால் பஸ்ஸின் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். சாலைக்கு அந்தப் பக்கம் டிரைவரும் நடத்துநரும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா சண்டை தெரியுமா?" என்றாள் ரேவதி. "ஸ்டெப்னிலயும் காத்து இல்லியாம். கண்டக்டர் சொல்றாரு, நேத்தே சொன்னேன், நீதான் பிரியாணி துன்னப் போயிட்டேன்னு. டிரைவர் சொல்றாரு, பிரியாணில உனக்கும் பங்கு இருந்துச்சில்லன்னு."

"தெலுங்கிலயா பேசறாங்க?"

"ஆமா. இப்ப டிரைவர் கண்டக்டரோட அம்மாவத் திட்டிக்கினு இருக்குறாரு. அத சொல்ல மாட்டேன்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். முனிரத்தினமும் சிரித்தார், மகளின் வாயைப் பார்த்தபடி. இரண்டு மொழியைச் சாலைக்கு அப்பாலிருந்து படிக்கிற பெண்ணுக்குத்தான் எங்கள் திரை முட்டை போட்டுக்கொண்டிருந்தது.

திருப்பதியில் எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலைகளும் சந்தனமும். வேண்டுதல் முடிந்த முகங்களில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் அது இல்லை. எங்கள் ஊர் பெரியாஸ்பத்திரி போலவே கூட்டம், அதே டெட்டால் வாசனை, அதே மின்விசிறி. கண்ணாடி அறைக்குள் ரேவதியின் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நாங்கள் காத்திருந்தோம். கை வெகு நேரம் தூக்கப்படவில்லை. அவள் என்னைப் பார்த்து, சரியாகச் செய்கிறேனா என்று உதட்டால் கேட்டாள். நான் சிரித்து வைத்தேன்.

டாக்டர் இளம் பெண். முகக்கவசம் அணிந்திருந்தார். தெலுங்கில் வேகமாகப் பேசினார். டீச்சர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. மருந்து கிடையாது. சத்தத்தைக் கூட்டினால் தெளிவு வராது. காதுக் கருவி ஓரளவுக்கு உதவும், அரசு முகாமில் பெயர் எழுதி வைத்தால் கிடைக்கும். முகம் பார்த்துச் சொல்லிக் கொடுத்தால் இந்தப் பெண் எவ்வளவு வேண்டுமானாலும் படிப்பாள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தறிச் சத்தத்திலிருந்து விலக்கி வையுங்கள். அப்பாவின் காதையும் பரிசோதிக்க வேண்டும்.

முனிரத்தினம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நல்ல, மரியாதையான தலையாட்டல். அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டாக்டரின் வாய் மூடியிருந்தது. முனிரத்தினம் ஒரு வார்த்தைகூட வாங்கியிருக்க முடியாது.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு புரிஞ்சுதா?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"அந்தே மேடம், முடிஞ்சிபோச்சு. கண்ணாடி ரூம்புலதான் நானே பாத்தேனே. கையே தூக்கல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் மண்டுன்னு நெனச்சு அவளப் போட்டு அடிச்சிருக்கேன். பாவம் கொழந்த. இனிமே அடிக்க மாட்டேன்."

"அடிக்க வேண்டாம். படிக்க வைங்க. டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னாங்க."

"காது கேக்காத பொண்ணு ஸ்கூலுக்குப் போயி இன்னா பண்ணும்? எல்லாரும் கேலி பண்ணுவாங்க. தறிக்குக் காது வேணாம் மேடம். ஊட்லயே கெடக்கட்டும், எங்க கண்ணு முன்னாடி. நாங்க பேசுறது அவளுக்குப் புரியும்."

அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அவரிடம் சண்டை போட முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து திரும்பி உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கருவி, முதல் வரிசை, வெளிச்சம், டீச்சர் பார்த்துக்கொள்வார். அவர் கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைப் போன்றவர்களோடு பேச்சு அப்படித்தான் முடிகிறது. முகம் போய்விட்டால் அப்புறம் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை.

புத்தூரில் டீச்சர் இறங்கும்போது, "நான் போய்ப் பேசிப் பாக்கறேன்க்கா. விட மாட்டேன்" என்றார். ரேவதி என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். மண்டு என்று பேர் வாங்கியிருந்த வரைக்கும், பரீட்சை முடியும்வரையாவது அவளைப் பள்ளிக்கு அனுப்பும் யோசனை அப்பாவுக்கு இருந்தது. நான் கண்டுபிடித்துச் சொன்னது அதையும் தீர்த்து வைத்துவிட்டது. ஊரிலிருந்து கிளம்பாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நான் ஊருக்குக் கிளம்பும் நாளன்று ஸ்பீக்கர் வந்து சேர்ந்துவிட்டது. சித்தூரிலிருந்து ஆள் கொண்டுவந்து, திரைக்கு இரண்டு பக்கமும் மாட்டினான். முகம் வேண்டும் என்று கேட்டால் அடுத்த பதிப்பு, சத்தம் என்றால் அதே வாரம். ஜன்னல்களில் அட்டைகள் திரும்ப ஏறியிருந்தன. டீச்சர் என் கண்ணைப் பார்க்காமல், "காலைல மட்டும் தொறந்து வெச்சி நடத்தறேன்க்கா. அப்பால பேனல் போட்டாத்தான் ஹெச்செம் விடறாரு" என்றார். முதல் வரிசையில் ரேவதியின் இடம் காலியாக இருந்தது. முந்தின நாள் டீச்சர் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசியும் பலனில்லையாம். பரீட்சைவரைக்குமாவது அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, கோமளா அழுதாராம், முனிரத்தினம் தறியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாராம்.

சொல்லிக்கொண்டு போகலாம் என்று பின்தெருவுக்குப் போனேன். புது ஸ்பீக்கரில் என் குரல் பள்ளிச் சுவரைத் தாண்டித் தெருவரைக்கும் வந்தது. நீராவி மேலே போகிறது, குழந்தைகளே. குளிர்ந்து மேகமாகிறது. அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததும் தறிச் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

ரேவதி தறிகளுக்கு அந்தப் பக்கம் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைதான் போட்டிருந்தாள், வீட்டு உடுப்பாக. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையில் வேலை நிற்காமலே உதட்டால் ஏதோ கேட்டாள். கேள்விதான், புருவம் உயர்ந்திருந்தது. எனக்குப் புரியவில்லை. கையை விரித்தேன். அவள் இன்னொரு முறை சொன்னாள். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, பின்தங்கிய பிள்ளைக்கு டீச்சர் சொல்லித் தருகிற பொறுமையோடு. திரும்பவும் ஸ்கூலுக்கு என்கிறாளா? திரும்பவும் வருவீங்களா என்கிறாளா? வேறு ஏதாவதா? கேட்டுச் சொல்ல அந்த வீட்டில் காது இல்லை. எனக்குக் காது இருந்தும் உதவவில்லை.

நான் சிரித்துத் தலையாட்டினேன். நல்ல, மரியாதையான தலையாட்டல்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்குப் புரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு நூலின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.